பொருள் இருக்கிறது, கட்டுரை எங்கே?

நேயர்களுக்கு வணக்கம்.

"முதியோர் தனிமையைப் பற்றி எழுதலாம்னு இருக்கேன்" என்று ஒரு நிருபர் சொன்னால், ஆசிரியர் உடனே கேட்பார்: "சரி, அதில் என்ன?" முதியோர் தனிமை என்பது வெறும் பொருள். அதை வைத்துப் பத்துப் புத்தகம் எழுதலாம், ஒரு சிறப்புக் கட்டுரை எழுத முடியாது. "தனியாக வாழும் முதியவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்று இரவு, அவருக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது யார்?" என்று கேட்டால் அது கரு. யாரைப் பார்ப்பது, எங்கே போய் நிற்பது என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. போய் நிற்க இடமில்லாத கரு, பெரும்பாலும் உபதேசமாகத்தான் முடியும்.

இப்படிப்பட்ட கேள்விகள் முதல் பக்கத்தில் அபூர்வமாகத்தான் கிடைக்கும். பொடி எழுத்தில் வருவதைப் படியுங்கள்: ஏல அறிவிப்பு, டெண்டர், தணிக்கை அறிக்கையின் அடிக்குறிப்பு, வேலைவாய்ப்பு விளம்பரம். ஒரே பதவிக்கு ஒரே வருடத்தில் நான்கு முறை ஆள் கேட்கிறார்கள் என்றால், அங்கே ஏன் யாரும் தங்குவதில்லை? ஒரு துறையின் இரண்டு ஆண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போன வருடம் இருந்த அட்டவணை இந்த வருடம் காணாமல் போயிருந்தால், அதற்குக் காரணம் கேட்க வேண்டும். திறப்பு விழாச் செய்தி வரும் நாளிலேயே, ஆறு மாதம் தள்ளி நாட்குறிப்பில் ஒரு வரி எழுதி வையுங்கள். அந்தத் தேதியில் அங்கே போகிறவர்கள் மிகக் குறைவு.

பெரிய நிகழ்ச்சி என்றால் கூட்டம் பார்க்கும் திசையிலிருந்து சற்றுத் திரும்ப வேண்டும். 1963 நவம்பரில் அமெரிக்க அதிபர் கென்னடியின் இறுதிச் சடங்கில் உலகப் பத்திரிகையாளர்கள் எல்லாம் தலைவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நியூயார்க் பத்திரிகையாளர் ஜிம்மி பிரெஸ்லின், புதைகுழி தோண்டிய தொழிலாளியைப் பற்றி எழுதினார். மணிக்கு 3.01 டாலர் கூலி. அந்தக் கட்டுரை இன்றும் பேசப்படுகிறது.

கரு கிடைத்ததும் ஆசிரியரிடம் ஓடாதீர்கள். அரை நாள் சோதியுங்கள். முதலில் பழைய இதழ்களைத் தேடுங்கள். ஏற்கெனவே வந்திருந்தாலும் கைவிட வேண்டாம், அதற்குப் பிறகு என்ன மாறியது என்று பாருங்கள். பிறகு மூன்று பேரிடம் பேசுங்கள்: பாதிக்கப்பட்டவர், அந்த வேலையைத் தினமும் கையால் செய்பவர், கணக்கு வைத்திருப்பவர். கட்டுரை அச்சேறுவதற்குள் அதிகாரியின் பதிலையும் கட்டாயம் வாங்க வேண்டும். ஆனால் முதல் அழைப்பே அவருக்குப் போனால், பிரஸ் ரிலீஸ் மொழியில் பதில் வரும், கருவும் அங்கேயே படுத்துவிடும். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் "இதில் வெளியாட்கள் தப்பாகப் புரிந்துகொள்வது எது?" என்று கேளுங்கள். பல நேரம் நீங்கள் கொண்டுபோன கேள்வியைவிட நல்ல கேள்வி அந்தப் பதிலில்தான் கிடைக்கும்.

இங்கேதான் வழுக்கும். மனதை உருக்கும் ஒருவரைச் சந்தித்துவிட்டு, ஊரே அப்படித்தான் என்று எழுதிவிடுவோம். ஒரே அமைப்பு அறிமுகப்படுத்திய மூன்று பேர், மூன்று ஆதாரம் ஆகமாட்டார்கள். முடிவை முன்பே தீர்மானித்துக்கொண்டு மேற்கோள் பொறுக்குவது இதைவிட மோசம். எந்தத் தகவல் கிடைத்தால் என் கருத்து பொய்யாகும் என்று எழுதி வைத்துக்கொண்டு, அந்தத் தகவலையே முதலில் தேடுங்கள்.

ஆசிரியருக்குத் தரும் குறிப்பு 200 சொற்களைத் தாண்ட வேண்டாம். முதல் வரியில் கேள்வி. ஏன் இப்போது, யார் பேசச் சம்மதித்திருக்கிறார்கள், கையில் என்ன ஆவணம், எத்தனை நாள் தேவை, இவ்வளவு போதும். மாத இதழுக்கு என்றால் தேர்வுக் காலக் கட்டுரையைத் தேர்வு தொடங்கும்போது சொல்லிப் பயனில்லை, மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும்.

நிராகரித்தால், தேதியோடு காரணத்தையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். "ஆவணம் இல்லை" என்பதுதான் காரணம் என்றால், அந்த ஆவணம் வெளியாகும் நாளில் அதே குறிப்பை மறுபடி எடுத்துப் போகலாம்.

வணக்கம்.