ஓட்டையைக் காட்டியவருக்குச் சிறையா?

நேயர்களுக்கு வணக்கம். அரசாங்கக் கணினிகளின் பாதுகாப்புக் குறைகளை அம்பலப்படுத்தும் ஹேக்கர்களைச் சிறையில் அடைப்பது சரிதானா என்பது குறித்துப் பேசும்படி வானொலி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். பெங்களூரில் கணினிப் பாதுகாப்புச் சோதனையைத் தொழிலாகச் செய்து வரும் நான் என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரவைத் திருடியவர், விற்றவர், அழித்தவர், அதை வைத்து மிரட்டியவர் ஆகியோர் சிறைக்குப் போகட்டும். ஓட்டை இருப்பதைக் கண்டு, உரியவரிடம் அதைச் சொல்லி, வேறெதையும் தொடாமல் விலகியவர் மீது வழக்கே பதியக் கூடாது. இந்த இரு தரப்பாரையும் பிரித்துக் காட்டும் கோடு நம் சட்டத்தில் இன்னும் தெளிவாக இல்லை என்பதுதான் என் கவலை.

இத்தகைய ஓட்டைகள் பலவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய திறமை எதுவும் வேண்டியதில்லை. அல்சூரில் வசிக்கும் எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், தம் பாட்டியின் உதவித்தொகைக்காக ஓர் அரசுத் துறையின் இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு, ஒப்புகைச் சீட்டை அச்செடுக்க முயன்றார். அந்தப் பக்கத்தின் முகவரி விண்ணப்ப எண்ணோடு முடிந்தது. தட்டச்சு செய்கையில் கடைசி இலக்கம் ஒன்று மாறிப்போக, முன்பின் தெரியாத ஒரு மூதாட்டியின் புகைப்படம், வீட்டு முகவரி, வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் எல்லாம் திரையில் வந்துவிட்டன. பாஸ்வேர்ட் எதையும் அது கேட்கவில்லை. சீட்டைக் கேட்பவர் அதற்கு உரியவர்தானா என்று சர்வர் சரிபார்க்கவே இல்லை. எண்களை வரிசையாக மாற்றி மாற்றிக் கேட்கும் ஒரு சிறு நிரலை எழுதிவிட்டால், அந்தத் திட்டத்தில் விண்ணப்பித்த முதியவர்கள் அத்தனை பேரின் விவரங்களும் ஓரிரவில் யார் கைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். “அண்ணா, இதை யார்கிட்ட சொல்றது? சொன்னா என்னையே புடிச்சுட்டுப் போயிட மாட்டாங்களா?” என்று அவர் என்னிடம் கேட்டார். அவருடைய தாயார், “நமக்கெதுக்குடா ஊர் வம்பு, பேசாம இரு” என்று சொல்லியிருந்தாராம். நாங்கள் இருவரும் சேர்ந்து, இணையப் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பாகிய செர்ட்-இன்னுக்கு எழுதினோம். சில வாரங்களில் ஓட்டை அடைக்கப்பட்டது. அந்தத் துறையிடமிருந்து ஒரு வரிப் பதில்கூட வரவில்லை.

அந்தத் தாயாரின் அச்சம் ஆதாரமற்றது என்று என்னால் சொல்ல முடியாது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், உரியவரின் அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவது 43ஆம் பிரிவின்படி இழப்பீட்டுக்கு உரிய தவறு. அதையே நேர்மையற்ற எண்ணத்தோடோ மோசடியாகவோ செய்தால், 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கெட்ட எண்ணம் இல்லையென்றால் சிறை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் எண்ணத்தை நீதிமன்றம் எடைபோடுவது கடைசியில்தான். அதற்கு முன்பே லேப்டாப்பும் கைபேசியும் பறிமுதல் ஆகிவிடும், வேலை போய்விடும், ஜாமீனுக்கு அலைய வேண்டியிருக்கும்.

அதே சட்டத்தின் 70ஆம் பிரிவு இதைவிடக் கடுமையானது. அரசு ஒரு கணினி அமைப்பைப் ‘பாதுகாக்கப்பட்ட அமைப்பு’ என்று அறிவித்துவிட்டால், அதற்குள் அனுமதியின்றி நுழைந்தவருக்கு மட்டுமல்லாமல், நுழைய முயன்றவருக்கும் பத்தாண்டு வரை சிறை உண்டு. நேர்மையற்ற எண்ணம் இருந்தாக வேண்டும் என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. ஆதாரின் மையத் தரவுத்தளம் 2015இல் அப்படி அறிவிக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டத்தில் அத்துமீறி நுழைவதற்கு மூன்றாண்டு என்றிருந்த உச்ச தண்டனை, 2019இல் செய்த திருத்தத்தால் பத்தாண்டு ஆனது. தண்டனை மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஓட்டையைச் சொல்ல வருபவருக்கு ஒரு வரிப் பாதுகாப்பும் சேரவில்லை.

நம் பெங்களூரிலேயே 2017 ஆகஸ்டில் ஓர் இளம் பொறியாளர் கைதானார். அரசு மருத்துவமனைகளுக்கான இணையச் சேவையாகிய இ-ஹாஸ்பிட்டலின் வழியே ஆதார் தகவலைப் பெற்றுத் தம் செயலிக்குப் பயன்படுத்தினார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. ஓட்டையைக் கண்டு அதைத் தம் செயலிக்குப் பயன்படுத்திக்கொள்வதும், அதை உரியவரிடம் எடுத்துச் சொல்வதும் ஒன்றல்ல. ஆகவே அப்படிப்பட்ட செயலுக்கு நான் வாதாட வரவில்லை. ஆனால் அந்தப் பாதையைத் திறந்து வைத்திருந்தது யார் என்ற கேள்வி கைதுச் செய்தி அளவுக்குப் பேசப்படவே இல்லை. அதற்கு அடுத்த ஜனவரியில், ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் ஆதார் விவரங்களைப் பார்க்க முடிகிறது என்று தி ட்ரிப்யூன் நாளேடு எழுதியபோது, முதல் தகவல் அறிக்கையில் செய்தியாளரின் பெயரும் சேர்க்கப்பட்டது. குறையைச் சொன்னவரையே வழக்கில் சேர்ப்பது, அடுத்தவரை வாய் திறக்காமல் செய்யும்.

கூடங்குளத்தில் நடந்ததைத் தமிழர்களாகிய நாம் மறக்கலாகாது. அணுமின் நிலையத்தின் கணினி வலையமைப்பில் தீநிரல், அதாவது கேடு செய்யும் மென்பொருள், புகுந்திருப்பதாக 2019 அக்டோபர் இறுதியில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் சமூக ஊடகத்தில் எழுதினார். மறுநாள், அது தவறான தகவல் என்றும், நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி வலையமைப்போடு இணையாதவை என்றும் நிலையத்தின் அறிக்கை சொன்னது. அதற்கு அடுத்த நாளே, தீநிரல் கண்டறியப்பட்டது உண்மைதான் என்றும், செப்டம்பர் 4ஆம் தேதியே செர்ட்-இன் அதைத் தெரிவித்தது என்றும் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான ஒரு கணினி என்றும், அது முக்கிய உள்வலையமைப்போடு தொடர்பற்றது என்றும் விளக்கம் தரப்பட்டது. அது ஆறுதலான செய்திதான். ஆயினும் ஒரு தனிமனிதர் வெளியே சொல்லியிராவிட்டால், அந்த நிலையத்தைச் சுற்றி வாழும் மக்களுக்கு இது தெரிந்தே இருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

“வீடு திறந்து கிடந்தால் உள்ளே நுழைந்துவிடலாமா?” என்று அதிகாரிகள் கேட்பதுண்டு. அது அவர்களுடைய வீடாக இருந்தால் அந்தக் கேள்வி நியாயமே. அங்கே இருப்பவை நம் பத்திரங்கள். காப்பாற்றித் தருவதாகச் சொல்லி அவர்கள் வாங்கி வைத்திருப்பவை. பூட்டு இல்லை என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடக்கப்பட்டபோது, நோயாளிகளின் பதிவுகளை நாள்கணக்கில் கையால் எழுதினார்கள். வலையமைப்பு முறையாகப் பிரித்து அமைக்கப்படாததே காரணம் என்று அரசே நாடாளுமன்றத்தில் கூறியது. அந்தக் குறையை ஒரு நல்லவர் முன்னதாகக் கண்டு சொல்லியிருந்தால் அவரை என்ன செய்திருப்போம்?

சிக்கலான வழக்குகளும் உண்டு. லண்டனில் இருந்தபடி கேரி மெக்கின்னன் என்ற பிரிட்டன் நாட்டு ஹேக்கர் 2001, 2002ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ராணுவம், நாசா ஆகியவற்றின் 97 கணினிகளுக்குள் நுழைந்தார் என்பது குற்றச்சாட்டு. பல கணினிகளில் பாஸ்வேர்டே இல்லை என்றார் அவர். கோப்புகளை அழித்து வலையமைப்பை முடக்கினார் என்றது அமெரிக்கா. அனுமதி கேட்டு நுழைந்தவரும் அல்லர், கண்டதை உடனே சொன்னவரும் அல்லர் என்பதால், அவர் சொந்த நாட்டு நீதிமன்றத்தில் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் பல பத்தாண்டுச் சிறைக்கு அவரை அமெரிக்காவுக்கு அனுப்ப முயன்றது அளவுக்கு மீறியது. 2012இல் பிரிட்டன் உள்துறை அமைச்சர் தெரசா மே அதைத் தடுத்தார். அதே அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2016இல் ஹேக்கர்களை அழைத்துத் தன் இணையதளங்களைச் சோதிக்கச் சொல்லி, 138 ஓட்டைகளைக் கண்டறிந்து பரிசும் கொடுத்தது. 2022இல், நல்லெண்ணத்தோடு செய்யும் பாதுகாப்பு ஆய்வுக்கு வழக்குத் தொடர வேண்டாம் என்று அந்நாட்டு நீதித் துறை தன் வழக்கறிஞர்களுக்கு அறிவுறுத்தியது. நம் ஆதார் ஆணையமும் அதே ஆண்டில் இருபது ஆய்வாளர்களைத் தேர்ந்தெடுத்துச் சோதிக்க அழைத்தது. தேர்ந்தெடுக்கப்படாதவர் கண்ணில் ஓட்டை பட்டால் அவருக்கு என்ன பாதுகாப்பு என்பது அப்படியே நிற்கிறது.

ஆகவே 70ஆம் பிரிவில் நேர்மையற்ற எண்ணம் என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். ஓட்டையை முறைப்படி தெரிவித்தவர் மீது வழக்கில்லை என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். ஒவ்வொரு துறையின் இணையதளத்திலும் புகார் பெறும் அதிகாரியின் முகவரியும், அடைத்து முடிக்கும் கெடுவும் இருக்க வேண்டும். கெடு தாண்டினால் அந்த அதிகாரி எழுத்தில் விளக்கம் தர வேண்டும். அதுவரை, இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். ஓட்டை கண்ணில் பட்டால் அடுத்தவர் பதிவை மேற்கொண்டு திறக்காதீர்கள், எதையும் தரவிறக்காதீர்கள், பணம் கேட்காதீர்கள். கண்ட நாள், நேரம், பக்கத்தின் முகவரி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு செர்ட்-இன்னுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், அதன் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள், முடிந்தால் அனுப்புமுன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வணக்கம்.