குறைமாதப் பாப்பாவை உலுக்காதீர்கள்! + குன்னூர் மார்க்கெட்டில் சங்கு வேட்டை

வணக்கம் மக்களே. பின்னால் கேட்கிற சத்தம் மழைதான், தகரத்தில் அடிக்கிறது, வழக்கமாக வருகிறவர்களுக்கு என் வீட்டுக் கூரை பழகியிருக்கும். வர்க்கி வீடியோ கேட்டவர்கள் கொஞ்சம் பொறுங்கள், அது அடுத்து வரும். இன்றைக்கு நான் கோபத்தில் இருக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. குறைமாதக் குழந்தை, பார்த்தாலே இரண்டு கிலோ தேறாது. வாயில் பாட்டிலை வைத்து, உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி, தாடையை மேலே அழுத்தி, "பாருங்க, அஞ்சு நிமிஷத்துல மொத்தமும் காலி" என்று பெருமை வேறு. கோத்தகிரியில் இருக்கிற என் அத்தையே எனக்கு அனுப்பி, "நீ வேலை பாக்குற வார்டுல இப்படித்தானா கண்ணு?" என்று கேட்கிறார். இல்லை அத்தை, இல்லவே இல்லை!

அந்தக் குழந்தையின் முகத்தை யாராவது பார்த்தீர்களா? புருவம் மேலே ஏறியிருக்கிறது, விரல்கள் ஐந்தும் விரிந்து நிற்கின்றன, வாய் ஓரத்தில் பால் வழிகிறது, தலையைத் திருப்பப் பார்க்கிறது. "போதும், மூச்சு விட விடுங்கள்" என்று அது தன் உடம்பால் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் செவிலியராக இருக்கிற குறைமாதக் குழந்தைகள் வார்டில் புதிதாக வருகிற சிஸ்டர்களுக்கு முதலில் இதைத்தான் காட்டுவேன். ஊசி, டியூப் எல்லாம் அப்புறம். உதட்டைச் சுற்றி நிறம் மாறுகிறதா, விக்கல் வருகிறதா, திடீரென்று உடம்பு துவண்டுபோகிறதா என்று பார்க்கத் தெரிந்தால்தான் பால் கொடுக்கவே விடுவேன்.

ஏன் இவ்வளவு பயம் என்றால், குழந்தை வயிற்றுக்குள்ளேயே விரல் சப்பும், பனிக்குட நீரை விழுங்கும், ஆனால் அங்கே காற்றை மூச்சாக இழுக்க வேண்டிய வேலை இல்லை. வெளியே வந்ததும் சப்ப வேண்டும், விழுங்க வேண்டும், நடுவில் மூச்சும் விட வேண்டும், மூன்றும் ஒன்றுக்கொன்று இடம் விட வேண்டும். அந்த ஒழுங்கு பெரும்பாலும் கர்ப்பக் கணக்கில் 34 வாரம் பக்கத்தில்தான் கைகூடும். 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்குச் சப்பத் தெரிகிறது என்பதற்காகக் குடிக்கவும் தெரியும் என்று நினைத்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். அதனால்தான் ரொம்பச் சின்னதுகளுக்கு நேராக வயிற்றுக்குப் பால் இறக்கும் டியூப், 32 வாரத்தை ஒட்டிச் சங்கு, அதாவது மூக்கு வைத்த சின்னப் பால் கிண்ணம், பிறகு நேரடியாகத் தாய்ப்பால் என்று படிப்படியாகப் போகிறோம். வாரக் கணக்கு வழிகாட்டி மட்டும்தான். 35 வாரத்திலும் திணறுகிற பாப்பா உண்டு, 33-லேயே அம்மாவிடம் முட்டிமுட்டிக் குடிக்கிற கெட்டிக்காரியும் உண்டு.

சரி, சங்கு என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த வீடியோவில் செய்து காட்ட ஒன்று வேண்டும் என்று மார்க்கெட்டுக்குப் போனேன். நான் கேட்டது சாதாரண எவர்சில்வர் சங்கு, வழவழவென்று, வேலைப்பாடு எதுவும் இல்லாமல். முதல் கடைக்காரர் வெள்ளியில்தான் இருக்கிறது என்று பெட்டியைத் திறக்கிறார், உள்ளே வெல்வெட் துணி, மேலே மயில், கைப்பிடியில் கொடி, விலை கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. அந்த மயில் இடுக்கில் பால் காய்ந்து ஒட்டினால் எந்த பிரஷ்ஷை விட்டுத் தேய்ப்பது? "பேர் வைக்கிற விழாவுக்குக் குடுப்பாங்க சிஸ்டர்" என்கிறார். விழாவுக்குக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த கடையில் எவர்சில்வர் இருந்தது, ஆனால் மூக்கு ஓரத்தில் பிசிறு. விரலை வைத்துத் தடவினேன், கீறுகிறது. கடைசியாக, மேட்டில் பழைய பாத்திரக்கடை ஒன்று இருக்கிறதே, குடை ரிப்பேர் வீடியோவில் வந்தது, அங்கே தூசியோடு தொங்கிக்கொண்டிருந்தது. இதோ! நாற்பது ரூபாய் சொன்னார், முப்பத்தைந்துக்கு வாங்கினேன். அந்த ஐந்து ரூபாய்ச் சந்தோஷம் எனக்கு இரண்டு நாள் தாங்கும்.

இப்போது நம் குட்டியம்மா, எல்லோருக்கும் தெரிந்த அதே பொம்மைதான். நிஜக் குழந்தைகளை இந்தச் சேனலில் காட்டமாட்டேன், அது தெரிந்ததே. இப்படி ஓரளவு நிமிர்த்தி, தலைக்கும் கழுத்துக்கும் கை கொடுத்துப் பிடியுங்கள். விழித்திருக்க வேண்டும். தூங்குகிற குழந்தைக்கு ஊற்றவே கூடாது. கையை வாய்க்குக் கொண்டுபோகிறது, நாக்கை நீட்டுகிறது, தலையைத் திருப்பித் தேடுகிறது என்றால் அதற்குப் பசி. சங்கை நிறைய நிரப்பாமல், சங்கின் மூக்கைக் குழந்தையின் கீழுதட்டின் மேல் வாய் ஓரமாக வைத்து, பால் உதட்டைத் தொடுகிற அளவு மட்டும் சாய்த்து, நிறுத்துங்கள். அது நக்கும், உறிஞ்சும், விழுங்கும். விழுங்கியது தெரிந்து, மூச்சும் விட்ட பிறகுதான் அடுத்தது. நம் கை ஊற்றுகிற கையாக இருக்கக் கூடாது, காத்திருக்கிற கையாக இருக்க வேண்டும்.

ஐயோ, கழுவுவதைச் சொல்லவே இல்லை. சோப்புப் போட்டுக் கழுவி 20 நிமிடம் கொதிக்க வையுங்கள். நம் ஊரில் தண்ணீர் 100 டிகிரி வரை போகாது, இந்த உயரத்தில் 94 பக்கத்திலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரம் ஆகிறதே, அதே காரணம்தான். அதனால் நான் அடுப்பைச் சீக்கிரம் அணைக்கமாட்டேன்.

டியூப்பில் பால் போகிற குழந்தைக்கு வாய் வேலை இல்லை என்று நினைக்காதீர்கள். பாலைப் பீய்ச்சி எடுத்த பிறகு அம்மா மார்பில் போட்டுச் சும்மா சப்ப விடுவோம், அதே நேரத்தில் டியூப்பில் பால் இறங்கும். சப்பினால் வயிறு நிறையும் என்கிற தொடர்பு அதற்குப் பிடிபடும். இப்படிச் சப்பப் பழகிய குழந்தைகள் டியூப்பிலிருந்து சீக்கிரம் விடுபடுகிறார்கள், வீட்டுக்கும் சீக்கிரம் போகிறார்கள் என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. அப்புறம் கன்னம், உதடு, ஈறு, நாக்கு என்று விரலால் மெதுவாகச் செய்கிற 5 நிமிடப் பயிற்சி ஒன்று உண்டு, பியோமி என்பார்கள், பிரெண்டா லெஸன் என்கிற அமெரிக்கச் செவிலியர் உருவாக்கி 2011-ல் ஆய்வாக வெளியிட்டார். ஆனால் இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு யாரும் வீட்டில் விரலை விடாதீர்கள், பயிற்சி எடுத்தவர்கள்தான் செய்ய வேண்டும்.

குளிரையும் பேசியாக வேண்டும். குழந்தையின் சூடு 36.5-லிருந்து 37.5 டிகிரிக்குள் நிற்க வேண்டும். நம் ஊர் ஜனவரியில் அது சும்மா நடக்காது. குடித்த பாலெல்லாம் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே செலவானால் எடை எப்படி ஏறும், சப்பத் தெம்பு எங்கிருந்து வரும்? அதற்குத்தான் கங்காரு முறை, அம்மாவின் நெஞ்சில் தோலோடு தோலாக. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாத நிலையில் ஆரம்பித்தது. 2021-ல் வெளியான பெரிய ஆய்வில் நம் நாடும் இருந்தது, பிறந்த உடனேயே இப்படி வைத்ததில் முதல் 28 நாள் மரணம் கால்வாசி குறைந்தது. அப்பாவும் செய்யலாம். எஸ்டேட் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றக் கூச்சப்படுகிற அப்பாக்களே, போர்வை நான் தருகிறேன், உட்காருங்கள்.

எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது எம்.எல். நோட்டு. டாக்டர் சொன்ன அளவை நாங்கள் எழுதுகிறோம், அது எங்கள் வேலை. பாட்டிகளும் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, "பக்கத்துக் கட்டில் குழந்தை முப்பது குடிச்சுதே, நம்மளது பதினெட்டுதானே" என்று குழந்தையின் அம்மா காதில் விழுகிற மாதிரி சொல்கிறார்கள். அவள் அழுகிறாள், பால் வடிவதும் தடைப்படுகிறது. பாட்டி, பதினெட்டைத் திணறாமல் குடித்தது உங்கள் பேத்தி. மிச்சம் டியூப்பில் போகும், அவளுக்கு ஒன்றும் குறையாது. நாளைக்கு அவளே கூட்டிக்கொள்வாள்.

கமென்டில் பாட்டில் பிராண்டு கேட்டவர்களே, சொல்லமாட்டேன். பால் பாட்டிலை விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-லேயே நம் நாட்டில் சட்டம் இருக்கிறது, தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தையோடு குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கலாமா என்று கேட்ட அம்மாவுக்கு: உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள், பால் கொடுத்த கையோடு கொண்டை ஊசி வளைவு வேண்டாம். குடிக்க மறுக்கிறது, கை கால் சில்லிடுகிறது, உதடு நீலமாகிறது என்றால் எனக்கு மெசேஜ் போட்டுக் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

நைட் டியூட்டி இருக்கிறது, மழையில் பஸ் லேட்டாகும், கிளம்புகிறேன். அத்தை, இந்த வீடியோவையும் உங்கள் குரூப்பில் போட்டுவிடுங்கள்.