மிளகாய் போடுவதற்கு முன்னால் ஒரு கிண்ணம்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்குக் காலை ஏழரை மணிக்கே கேமராவைத் தூக்கிவிட்டேன், கிழங்கான் மீன் வந்துவிட்டது. இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மூக்கையூர்ப் பக்கமிருந்து நாட்டுப்படகு மீன்தான் வருகிறது, அதுவும் கொஞ்சமாக. வாசலில் மீன்காரம்மா குரல் கேட்டதும் அத்தை கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடினார். பின்னால் ஒரு சத்தம் கேட்கிறதா? என் மகன்தான், தம்பி என்றுதான் கூப்பிடுவோம். கூடையைப் பார்த்ததிலிருந்து “மீமீ, மீமீ” என்று என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறான்.

போன வீடியோவில் நிறையப் பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தீர்கள். ராமநாதபுரத்துக்காரர்கள் அவ்வளவு காரம் சாப்பிடுவீர்களே, இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தனியாகச் சமைக்கிறீர்களா என்று. சமைப்பதில்லை. எங்கள் வீட்டில் ஒரே சட்டிதான். மிளகாய் போடுவதற்கு முன்னால் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் எடுத்துவிடுவோம், அவ்வளவுதான். “பிள்ளைக்கு எடுத்தாச்சா?” என்று கேட்காமல் அத்தை மிளகாய் டப்பாவைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. என் வீட்டுக்காரரையும் அவருடைய அக்காவையும் இப்படித்தான் வளர்த்தாராம். அத்தைக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது அவருடைய மாமியார்.

காரம் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் ஊர் முண்டு மிளகாய், நீளமாக இருக்காது, கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக இருக்கும். இதோ கேமரா பக்கத்தில் காட்டுகிறேன், தோல் எவ்வளவு தடிப்பு, எப்படி மினுங்குகிறது பாருங்கள். 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது இங்கே எல்லோருக்கும் சொந்தக்காரப் பிள்ளை பரீட்சையில் பாஸ் ஆன மாதிரி சந்தோஷம். மானாவாரி நிலத்தில், வடகிழக்குப் பருவமழையை நம்பி விளைகிற மிளகாய் இது. எங்கள் வீட்டுக் குழம்புக்கு நிறமும் வாசமும் இதுதான் தரும். ஆனால் பால்குடி மறந்த பிள்ளையின் வயிற்றுக்கு இது எப்படி ஆகும்?

சரி, சட்டியைப் பார்ப்போம். நல்லெண்ணெயில் கொஞ்சம் வெந்தயம், பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, கறிவேப்பிலை. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் ஒரு தக்காளி, மஞ்சள். அப்புறம் தேங்காயும் சீரகமும் சேர்த்து மையாக அரைத்தது, இரண்டு டம்ளர் தண்ணீர், ரொம்பக் கொஞ்சமாகப் புளிக்கரைசல். இது கொதிக்கும்போது ஒரு மஞ்சள் குழம்பு கிடைக்கும். இந்த இடத்தில்தான் நிறுத்த வேண்டும். இரண்டு கரண்டி எடுத்துப் பக்கத்து அடுப்பில் இருக்கும் சின்ன மண்சட்டியில் ஊற்றி, இரண்டு கிழங்கானைப் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க விடுவேன். உப்பு துளி. பெரிய சட்டிக்கு மிச்சப் புளியும் முண்டு மிளகாய் அரைத்த மசாலாவும் போகும். பச்சை வாசனை போகிற வரைக்கும் அது கொதிக்கட்டும், அதற்குள் தம்பியுடைய குழம்பு ஆறிவிடும்.

கிழங்கான் ஏன் என்றால், சதை பஞ்சு மாதிரி இருக்கும், வாடை குறைவு. பிள்ளைத்தாய்ச்சிக்கும் பிள்ளைக்கும் இங்கே முதலில் வாங்கித் தருவது இதுதான். தம்பி பிறந்தபோது எனக்குப் பால் சுறாப் புட்டும் பூண்டும் போட்டுப் போட்டு அத்தை ஒரு மாதம் என்னைக் கவனித்தார். அதை இன்னொரு நாள் பேசுகிறேன், அதற்குத் தனி வீடியோ வேண்டும்.

இப்போது அத்தையின் கையைப் பாருங்கள். முகத்தைக் காட்டாதே என்று சொல்லியிருக்கிறார், கையை மட்டும் காட்டுகிறேன். மீனை வாலிலிருந்து பிரித்து நடுமுள்ளை ஒரே இழுப்பில் எடுத்துவிட்டார். வேலை அதோடு முடியவில்லை. ஒவ்வொரு துண்டையும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி மெதுவாகத் தேய்க்கிறார். பாருங்கள், இதோ ஒன்று. மயிரிழை மாதிரி முள். எனக்குக் கண்ணில் படவே இல்லை, அவர் விரலில் பட்டுவிட்டது. அதைத் தட்டின் ஓரத்தில் ஒட்டிவிட்டு அடுத்த துண்டு. “கண்ணு ஏமாத்தும்மா, விரலு ஏமாத்தாது” என்பார். போன வருஷம் வரைக்கும் என்னை முள் எடுக்கவே விடவில்லை. இப்போது நான் எடுத்ததை வாங்கி அவர் ஒரு தடவை தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் ஊட்டுவார்.

அதில் நான் கோபப்படுவதே கிடையாது, ஏனென்றால் நான் ஒரு தடவை பயந்திருக்கிறேன். தம்பிக்கு ஒரு வயது முடிந்த தை மாதம். பொங்கலுக்குப் பனங்கிழங்கு அவித்து வைத்திருந்தோம். நன்றாக வெந்துதானே இருக்கிறது என்று சின்னத் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். நார் தொண்டையில் மாட்டி, முகம் சிவந்து, இருமி இருமித் தானாகவே வெளியே வந்துவிட்டது. அரை நிமிடம்கூட இருக்காது. அன்றைக்கு இரவு முழுக்க அவன் மூச்சு விடுவதை நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தை என்னைத் திட்டவில்லை. மறுநாள் கிழங்கை அவித்து, நடு நரம்பையும் நாரையும் உரித்துப்போட்டு, வில்லை வில்லையாக நறுக்கி வெயிலில் காயவைத்தார். உரலில் இடித்துச் சலித்து ஒரு டப்பா மாவு கொடுத்தார். “கஞ்சியில ஒரு ஸ்பூன் போடு. நார் அவன் பல்லு முளைச்சப்புறம்” என்றார். வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பவர்கள் நிலக்கடலை, முறுக்குத் துண்டு, பனங்கிழங்கு இதெல்லாம் முழுசாகக் கையில் கொடுக்காதீர்கள். உட்கார வைத்து, பக்கத்தில் இருந்து ஊட்டுங்கள்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாதது கருப்பட்டிதான். ஆறு மாதத்தில் கூழ் ஆரம்பித்தபோது குதிரைவாலிக் கஞ்சியில் கருப்பட்டித் தண்ணீர் விடச் சொன்னார். சாயல்குடிப் பக்கம் பனைதான் உயிர், கருப்பட்டி கெடுதல் செய்யும் என்று அவரிடம் சொன்னால் அது அவருடைய அப்பாவைக் குறை சொல்கிற மாதிரி. அவர் அப்பா பனையேறி. காலையும் மாலையும் ஏறி, பாளை சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கிய பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றித்தான் நாலு பிள்ளைகளை வளர்த்தார். ஆனால் பனையில் வந்தாலும் இனிப்பு இனிப்புதானே. இரண்டு வயது வரைக்கும் இனிப்பு சேர்க்க வேண்டாம் என்று தடுப்பூசி போடப் போன இடத்தில் சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வாழைப்பழம் மசித்துப் போட்டேன். இரண்டு வாரம் அத்தை அந்தக் கஞ்சியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தம்பிக்கு இரண்டு வயது முடிந்த அன்றைக்குக் காலையில் நான்தான் கருப்பட்டியை எடுத்து அத்தை கையில் கொடுத்தேன். தட்டிப்போட்டு, சுடுதண்ணீரில் கரைத்து, அடியில் தங்கும் மண் வராமல் வெள்ளைத் துணியில் வடிகட்டி, அரை ஸ்பூன் அளவுக்குக் கஞ்சியில் விட்டார். தம்பி சப்புக்கொட்டினான். “எங்க அப்பன் கருப்பட்டிடா” என்று அவனிடம் சொல்லும்போது அத்தைக்குக் குரல் உடைந்துவிட்டது. நானும் அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். அன்றைக்குக் கேமரா எடுக்கவில்லை, எடுக்காததும் நல்லதுதான்.

இப்போது வாரத்தில் ஒரு நாள் அவன் சின்ன மண்சட்டியில் ஒரு முண்டு மிளகாயைக் காம்போடு, உடையாமல், கொதிக்கும்போது போட்டு எடுத்துவிடுகிறோம். காரம் அவ்வளவாக இறங்காது, வாசனை வரும். இந்த ஊர்க் குழம்பின் வாசனை அவனுக்கு இப்போதே தெரியட்டும் என்று எனக்கு ஆசை. அவன் அப்பா சவூதியில் இருக்கிறார், இந்த வீடியோக்களை நான் ஆரம்பித்ததே அவருக்காகத்தான். போன தடவை வந்தபோது தம்பிக்குப் பல்கூட முளைக்கவில்லை.

இருங்கள், போன் வருகிறது. அவங்கதான். தம்பி, அப்பாதான்டா, வா. இல்லைடா, கிண்ணத்தைப் போனுக்குள்ளே கொடுக்க முடியாது, காட்டு, காட்டினால் போதும். என்ன சாப்பிட்டே என்று கேட்கிறார் பார், சொல்லு. மீமீ. ஆமாங்க, கிழங்கான். முள்ளெல்லாம் அத்தைதான் எடுத்தாங்க.