யார் முடிவு செய்தது?

வணக்கம் நேயர்களே. உணவு டெலிவரி, பைக் டாக்சி ஓட்டுகிறவர்களைப் பற்றி இணையத்தில் வாக்குவாதம் தொடங்கினால் கவனித்துப் பாருங்கள், நாலு பதில் தாண்டுவதற்குள் ஒருவர் வந்து, "யாரும் கட்டாயப்படுத்தலையே, அவங்க பார்ட்னர்தானே, பிடிக்கலன்னா விட்டுட்டுப் போகட்டும்" என்று எழுதிவிடுவார். பார்ட்னர் என்பது, இவர்கள் வேலையாள் இல்லை, கூட்டாளி என்று காட்ட கம்பெனிகள் வைத்த பெயர். அதற்கு மேல் பேச்சு நகராது. பார்ட்னர் என்று ஒப்புக்கொண்ட பிறகு கூலி எவ்வளவு, மழையில் வண்டி சறுக்கினால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்தான் ஓட்டுவது என்று கேட்கவே வழியில்லாமல் போகிறது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கம்பெனி வைத்தபோது இந்தப் பார்ட்னரை யாராவது கேட்டார்களா?

அப்புறம் "ஐடி பிளாக் ஆயிடுச்சு", "அல்காரிதம் ரேட்டைக் குறைச்சிடுச்சு" என்கிற பேச்சு. ஐடி என்றால் வேலை வாங்குவதற்கு ஆப்பில் இருக்கிற கணக்கு. ஓட்டுகிறவர்களே இப்படித்தான் சொல்கிறார்கள், ஆதரவாக எழுதுகிற நாமும் அப்படியே எழுதுகிறோம். அல்காரிதம் என்பது சிலர் உட்கார்ந்து எழுதி, சிலர் ஒப்புதல் கொடுத்த விதிகள். மழை பெய்தது என்பதைப் போல அதைச் சொல்லிவிட்டால் கேள்வி கேட்க ஆளே கிடைக்காது. "கம்பெனி ஐடியை முடக்கிவிட்டது" என்று எழுதுங்கள், ஏன் முடக்கியது, யாரிடம் முறையிடுவது என்று அடுத்த கேள்வி தானாக வரும்.

கம்பெனிகளைத் திட்டுகிற எதிர்ப்பக்கமும் சரியில்லை. கோபத்தில் "இது நவீன அடிமைத்தனம்" என்று எழுதுகிறார்கள். அந்த வேலையில்தான் வீட்டு வாடகை கட்டுகிறவருக்கு அதைப் படித்தால் மனசு வலிக்கும், அவரும் விவாதத்தை விட்டு விலகிவிடுவார்.

பிரிட்டனில் ஊபர் ஓட்டுநர்கள் வழக்குப் போட்டார்கள். ஒப்பந்தத் தாளில் அவர்கள் சுயதொழில் செய்கிறவர்கள் என்றுதான் இருந்தது. 2021 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதிலிருந்து தொடங்கக் கூடாது என்றது, கட்டணத்தை யார் வைக்கிறார்கள், வேலையை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்று பார்த்து, அவர்களைத் தொழிலாளர்கள் என்றது. குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்தோடு விடுமுறையும் அதனால்தான் கிடைத்தன.

ஒப்பந்தத் தாளைக் காட்டுகிற கம்பெனியோடு மோதுவது வடசென்னைக்காரர்களுக்குப் புதிதா என்ன? 1918 ஏப்ரலில் பெரம்பூரில்தான் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள், தலைவர்களாக பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நின்றார்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். மில் கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்து கூலி கேட்டதை, ஒப்பந்தத்தை மீறத் தூண்டுவது என்று சொல்லி, சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடை உத்தரவும் வாங்கியது. அதே ஒன்றுசேர்தலுக்கு 1926 தொழிற்சங்கச் சட்டம் பாதுகாப்புக் கொடுத்தது. நடுவில் எத்தனை குடும்பங்கள் பட்டினி கிடந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு பதறுகிறது.

2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் கிக் தொழிலாளர், அதாவது இப்படி ஒவ்வொரு வேலையாக எடுத்துச் செய்து சம்பாதிக்கிறவர், என்ற பிரிவு வந்துவிட்டது. ஆனால் வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்கிறவர் என்றுதான் அதற்கு விளக்கம், அந்த ஒரு வரியை வைத்துத்தான் இனி பெரிய சண்டையே நடக்கும். தமிழ்நாட்டில் இவர்களுக்கென்று 2023-இல் நல வாரியம் அமைத்தார்கள். பதிவு செய்தாயா தம்பி என்று கேட்டால், "நான் பார்ட்னர் சார், எனக்கெதுக்கு வாரியம்?" என்கிறவர்களை வடசென்னையில் எங்கள் மூலக்கடைப் பக்கம் பார்க்கிறேன். கம்பெனி வைத்த பெயர் அவ்வளவு ஆழமாகப் போய்விட்டது. தம்பிகளே, தங்கச்சிகளே, நீங்கள் தொழிலாளிகள்தான். பதிவு செய்துகொள்ளுங்கள், பக்கத்தில் வண்டியை நிறுத்தி ஆர்டருக்குக் காத்திருக்கிறவரிடமும் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.