கச்சேரி பிரமாதம், ஆனா லைட்டை ஏன் அணைச்சீங்க?

ஹலோ மக்களே, இப்பதான் வீட்டுக்குள்ள நுழையறேன், கோட்டைக்கூட கழட்டல, நாளைக்குப் பேசலாம்னு விட்டா இந்த சூடு ஆறிடும். லண்டன்ல ஒரு சின்ன சர்ச்ல கச்சேரி, முழுக்க கே, அதாவது தன்பாலின ஈர்ப்புள்ள ஆம்பளை கம்போசர்களோட பாட்டு, ஒரு டெனர் (உச்சக் குரல் பாடகர்), ஒரு பாரிடோன் (நடுக் குரல் பாடகர்), ஒரு பியானிஸ்ட், அவ்ளோதான். ஆர்ட் சாங்னா எனக்கு உயிருன்னு பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும். ஆப்பெரா மாதிரி செட்டு, டிரெஸ்ஸு, தொண்டை கிழியற கத்தல் எதுவும் கிடையாது, ஒரு கவிதையை ஒருத்தர் நின்னு பாடுவார், பியானோ கூடவே பேசும்.

மொதல்ல கோவத்தைக் கொட்டிடறேன். டிக்கெட் 18 பவுண்டு, சரி. அதுக்கு மேல புக்கிங் ஃபீஸ் ரெண்டரை பவுண்டு, போகட்டும். உள்ள போனா பாட்டு வரியும் அர்த்தமும் போட்ட புக்லெட் தனியா 5 பவுண்டாம்! வாங்கினேன், ஏன்னா வரி புரியாம இந்தப் பாட்டையெல்லாம் கேக்கறது எனக்கு சுத்தமா ஆகாது. வாங்கிட்டு உக்காந்தா ஹால் லைட்டு மொத்தத்தையும் அணைச்சுட்டாங்க. பக்கத்துல ஒரு பெரியவர் புக்லெட்டை மூக்குக்கிட்ட வெச்சுத் தடவிட்டிருக்கார். ஃபோன் டார்ச் அடிக்கறவங்களை எனக்குப் பிடிக்காது, பாடறவங்க கண்ணுல குத்தும், அதனால நானும் இருட்டுலயே இருந்தேன்.

அந்த இருட்டுல என்ன பாடினாங்க தெரியுமா? இங்கிலீஷ் கம்போசர் பெஞ்சமின் பிரிட்டனோட மைக்கேலாஞ்சலோ சானெட்டுங்க ஏழும்! சானெட்னா பதினாலு வரிக் கவிதை, இது இத்தாலியன்லயே பாடறது. பிரிட்டன் 1940ல அமெரிக்கால இருக்கறப்ப, தன் காதலர், டெனர் பீட்டர் பியர்ஸோட குரலுக்குன்னே இசையமைச்சது. இத்தாலிய சிற்பி மைக்கேலாஞ்சலோ, தொம்மாசோ தெய் கவாலியேரிங்கற இளைஞர் மேல உருகி உருகி சானெட் எழுதினவரு. அந்த மாதிரி வரிங்களை எடுத்து, 1942 செப்டம்பர்ல, வெளிய போர் நடந்துட்டிருக்கறப்ப, இதே லண்டன்ல விக்மோர் ஹால் மேடைல பியர்ஸ் பாடுறார், பிரிட்டன் பியானோ வாசிக்கிறார். ரெண்டு ஆம்பளைங்க உடலுறவு வெச்சுக்கிட்டா ஜெயில்ல போடக்கூடிய காலம் அது, இங்கிலாந்துல சட்டம் மாறினதே 1967லதான், அதுவும் 21 வயசுக்கு மேல, தனிமைல மட்டும்னு. இத்தாலியன்ங்கறது அவங்களுக்கு ஒரு போர்வைன்னுதான் நான் நினைக்கிறேன். அவங்களுக்கு மறைக்க வேண்டிய கட்டாயம் இருந்துச்சு. கச்சேரி நடத்தினவங்களே, உங்களுக்கு என்னங்க கட்டாயம்? கே வாழ்க்கையைக் கொண்டாடறோம்னு போஸ்டர் ஒட்டிட்டு அந்த வரியை யாரும் படிக்க முடியாம இருட்டுல வெக்கறது என்ன கொண்டாட்டம்?

அதுலயும் அந்த முப்பதாம் சானெட், உன் அழகான கண்ணாலதான் நான் வெளிச்சத்தைப் பாக்கறேன், என் குருட்டுக் கண்ணுக்கு அது தெரியாதுன்னு ஆரம்பிக்கும், டெனர் சத்தத்தைக் கூட்டவே இல்ல, அப்படியே மிதக்க விட்டார், எனக்கு அழுகை வந்துடுச்சு. நடுவுல ரெண்டு பேரு கை தட்டினாங்க, ஏழும் ஒரே தொடர், நடுவுல தட்டாதீங்கப்பா, ப்ளீஸ்.

இன்டர்வல்ல நேரா போய் கேட்டேன், மூடுக்காக அணைச்சோம்னாங்க. அஞ்சு பவுண்டு வாங்கிட்டு மூடுன்னா எப்படிங்கன்னு நின்னேன், விடவே இல்ல, செகண்ட் ஹாஃப்ல ரெண்டு பக்கமும் சைடு லைட்டு எரிஞ்சுது! ஹால் முழுக்க பேப்பர் திருப்பற சத்தம், அந்தப் பெரியவர் என்னைப் பாத்து தலையாட்டினார், நான் ஜெயிச்சுட்டேன் மக்களே.

அட, ஆரம்பத்துல ரெய்னால்டோ ஹான்ங்கற கம்போசரோட பாட்டைப் பாடினதைச் சொல்லாம தாண்டிட்டேன். வெனிசுவேலால பொறந்து பாரிஸ்ல வளர்ந்தவர், எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்டோட காதலரா இருந்து, அப்புறம் ப்ரூஸ்ட் 1922ல சாகற வரைக்கும் நண்பரா இருந்தவர். 'ஆ க்ளோரிஸ்' பாடினாங்க, பியானோ இடது கை, பழைய ஜெர்மன் கம்போசர் பாக் இசை மாதிரி நிதானமா எறங்கும், ரெண்டரை மூணு நிமிஷம்தான், எனக்கு பத்தவே பத்தாது.

சரி, செகண்ட் ஹாஃப். பாரிடோன் 'வால்ட் விட்மன் இன் 1989' பாடினார், க்ரிஸ் டிப்ளாசியோ இசை, பெரி ப்ராஸ் கவிதை. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல காயப்பட்ட சிப்பாய்ங்களை ஆஸ்பத்திரில பாத்துக்கிட்ட அதே கவிஞர் விட்மன், இப்ப எய்ட்ஸ்ல சாகற பசங்க படுக்கைக்கிட்ட வர்றார். இது எய்ட்ஸ் க்வில்ட் சாங்புக்ல ஒரு பாட்டு. வில்லியம் பார்க்கர்னு ஒரு பாரிடோன், அவருக்கே எய்ட்ஸ், கம்போசர்ங்ககிட்ட கேட்டு வாங்கி சேர்த்த தொகுப்பு, 1992 ஜூன்ல நியூயார்க் ஆலிஸ் டல்லி ஹால்ல அரங்கேறுச்சு. பார்க்கர், டிப்ளாசியோ ரெண்டு பேரும் 1993ல போயிட்டாங்க. டிப்ளாசியோவுக்கு 35 வயசு கூட ஆகல. அந்தப் பாட்டை வரியோட படிச்சுக் கேட்டோம்ல, யாரும் இருமக்கூட இல்ல.

பிரிட்டனும் பியர்ஸும் அதே சானெட்டுங்களை 1942லயே ரெக்கார்டும் பண்ணியிருக்காங்க, தேடிக் கேளுங்க, முப்பதாவதுலேருந்து ஆரம்பிங்க, வரியைக் கைல வெச்சுக்கிட்டு. கேட்டுட்டு கமென்ட்ல சொல்லுங்க, ஹானுக்குத் தனி வீடியோ போடறேன், பை!