அடக்கமான பிள்ளையின் உள்ளங்கை

(ஒரு பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் ஒரு அம்மா வந்து, "மேடம், என் பையன் ஒரு கட்டுப்பாடே இல்லாமல் திரிகிறான், கொஞ்சம் புத்தி சொல்லுங்கள்" என்றார். பதினைந்து வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. இந்தப் பேச்சைக் கேட்காத வாரமே இல்லை. ஆனால் "என் மகள் ரொம்ப அடக்கமாக இருக்கிறாள், எனக்குப் பயமாக இருக்கிறது" என்று இதுவரை ஒருவரும் வந்ததில்லை. இன்றைக்கு அந்த மகளைப் பற்றியும் பேச வேண்டும்.

முதலில் அந்த அம்மாவின் கவலை. அது நியாயமானதுதான். நியூசிலாந்தின் தெற்கே டனீடின் என்று ஒரு ஊர். 1972, 73 வாக்கில் அங்கே பிறந்த 1,037 குழந்தைகளை ஆய்வாளர்கள் விடாமல் தொடர்ந்து வருகிறார்கள். அந்த ஆய்வின் உளவியலாளர் டெரி மொஃபிட்டும் அவருடன் இருந்தவர்களும் 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூன்று வயது முதல் பதினொரு வயதுவரை ஒவ்வொரு குழந்தைக்கும் சுயகட்டுப்பாடு எப்படி இருந்தது, 32 வயதில் அதே ஆள் எப்படி இருக்கிறார் என்று இரண்டையும் வைத்துப் பார்த்தார்கள். சிறுவயதில் கட்டுப்பாடு குறைந்தவர்களிடம் போதைப் பழக்கம், கடன் தொல்லை, உடம்புக்கு முடியாமை, போலீஸ் கேஸ் எல்லாமே கூடுதல். குடும்ப வசதியைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இது மாறவில்லை. அவர்களில் பலர் வழுக்கியது பதின்வயதில்தான். பதினைந்து வயதுக்குள் சிகரெட், பாதியில் நின்ற படிப்பு, இப்படி.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதில் இன்னொன்றும் இருக்கிறது. சிறுவயதில் கட்டுப்பாடு நிறைய இருந்தது என்பதால் 32 வயதில் மனச்சோர்வு குறைந்திருக்கவில்லை. அதைப் படித்தபோது எனக்கு ஒரு பெண் ஞாபகம் வந்தாள்.

பன்னிரண்டாம் வகுப்பு. இப்போது கல்லூரியில் இருக்கிறாள், அவளிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். ஆசிரியர்களைக் கேட்டால் தங்கமான பிள்ளை என்பார்கள். ரெக்கார்டு நோட்டில் ஒரு கோடு கோணினால் பக்கத்தையே எடுத்துவிட்டு முதலிலிருந்து எழுதுவாள். என்னிடம் பேசும்போது சிரித்துக்கொண்டே இருந்தாள், கைகள் மட்டும் மேசைக்குக் கீழே. தண்ணீர் பாட்டிலை வாங்கக் கையை நீட்டியபோது பார்த்தேன். உள்ளங்கையில் நான்கு பிறை. நகம் பதிந்த தடம். இரண்டில் ரத்தம் கட்டியிருந்தது. "அழுகை வந்தா இப்படிப் பண்ணுவேன் மிஸ், நின்னுடும்" என்றாள்.

நம் மொழியில் அடக்கம் என்பது எவ்வளவு அழகான சொல்! ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் அதற்குள் இரண்டு வேலைகளை ஒன்றாகப் போட்டுவிடுகிறோம். கோபம் வரும்போது ஒரு நொடி நின்று, "அவன் வேணும்னு சொல்லியிருக்க மாட்டான்" என்று மாற்றி யோசிப்பது ஒன்று. கோபம் கொதிக்கும்போதே முகத்தில் காட்டாமல் விழுங்குவது இன்னொன்று. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் பல வருடமாக இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்திருக்கிறார். மாற்றி யோசிக்கிறவர்களுக்கு மனம் லேசாகிறது. விழுங்குகிறவர்களுக்கு உள்ளே இருப்பது குறைவதில்லை, உடம்புதான் கூடுதலாகப் பாடுபடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பிள்ளைகளும் ஒரே மாதிரி அமைதி. நாம் இரண்டு பேருக்கும் "குட்" போடுகிறோம்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பினப் பிள்ளைகளை வைத்துச் செய்து 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. பதின்வயதின் கடைசியில் கட்டுப்பாடு அதிகம் இருந்தவர்களுக்கு, 22 வயதில் மனச்சோர்வும் போதைப் பழக்கமும் குறைவு. நல்ல சேதிதான். ஆனால் அவர்களில் ஏழை வீட்டுப் பிள்ளைகளின் ரத்த அணுக்கள் வயதுக்கு மீறி மூப்படைந்திருந்தன. எல்லாம் எதிராக இருக்கும் இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே வருகிற பிள்ளை அதற்கான விலையை உடம்பால் கொடுக்கிறது. முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைகளைத் தினம் பார்க்கிறவள் நான். அவர்களிடம் போய் "இன்னும் கொஞ்சம் பல்லைக் கடி" என்று சொல்ல இனி எனக்கு வாய் வராது.

அப்படியென்றால் பிள்ளைகளை அவிழ்த்துவிட்டுவிடலாமா? இல்லை. நிறுத்தி யோசிக்கும் முன்மூளை இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆசையும் வேகமும் அதற்கு முன்பே தயாராகிவிடுகின்றன. அந்த இடைவெளியில் பிள்ளையைத் தனியாகப் போராட விடக் கூடாது. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் 205 பெரியவர்களை ஒரு வாரம் தொடர்ந்து கேட்டார்கள்: இப்போது என்ன ஆசை, அதோடு சண்டை போடுகிறீர்களா என்று. கட்டுப்பாடு நிறைந்தவர்கள் நாள் முழுக்க ஆசையோடு மல்லுக்கட்டுகிறவர்களாக இருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? அவர்களுக்குச் சண்டையே குறைவாக இருந்தது. ஆசையைத் தூண்டுவது கைக்கு எட்டாமல் இருந்தால் சண்டை போட வேண்டிய தேவையே குறையும். ஆகவே இரவு பத்து மணிக்கு எல்லோருடைய போனும் ஹாலில் சார்ஜ் ஏறட்டும். எல்லோருடையதும் என்றால் அப்பாவுடையதும்தான்.

இன்னொன்று நம் வாக்கு. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் சின்னப் பிள்ளைகளிடம், "இதைவிட நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன்" என்றார்கள். பாதிப் பேருக்குக் கொண்டுவந்தார்கள், மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து "இல்லையே" என்றார்கள். அப்புறம் ஒரு மிட்டாயை வைத்து, காத்திருந்தால் இரண்டு தருவோம் என்றார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் மூன்று நிமிடம்தான்.

அந்தப் பெண்ணின் அப்பாவிடம் இதைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். அரையாண்டு முடிந்ததும் பாட்டு கிளாஸுக்குப் போகலாம் என்று மகளிடம் சொல்லியிருந்தாராம். அது முழு ஆண்டாகி, அடுத்த அரையாண்டும் ஆகிவிட்டது. அந்தச் சனிக்கிழமையே அவர் வண்டியில் அவளைக் கொண்டுபோய் விட்டார். தடம் உடனே மறையவில்லை. மனநல மருத்துவரிடமும் போனார்கள், சில மாதங்கள் ஆயின. உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

சரி, கேள்விகளுக்கு வருவோம். பின்னால் நிற்கும் பிள்ளைகள் முதலில் கேளுங்கள். பெரியவர்கள் அப்புறம் கேட்கட்டும்.