கொடி விழுவதற்கு முன்

மேடையில் வீற்றிருக்கும் ஊர்த் தலைவர் ஐயா அவர்களே, ஜமாத் பெரியவர்களே, பங்குத்தந்தை அவர்களே, இந்தப் பாய்மரப் படகுப் போட்டிக்காக ஒரு மாதமாக ஓடியாடிய விழாக்குழுத் தம்பிகளே, மணலில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். வெயிலில் வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்த மகளிர் குழுவுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்தேன்: காற்று, பாய், நம் பிள்ளைகள். 'அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது' என்பார்கள். எந்த மேடை ஏறினாலும் நான் சொல்வது இதைத்தான்.

காற்றுக்கு ஒரு கதை சொல்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. தொண்டிக் கரையில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வத்தைகள், நம் பாய்மரப் படகுகள், வரிசை கட்டி நிற்கின்றன. பாயில் தண்ணீரை அள்ளி அள்ளி அடிக்கிறார்கள்; நனைந்த துணிதான் காற்றை ஒழுகவிடாது. கொடி விழுந்தது. பாய்கள் புடைத்தது கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் அந்தப் 'படார்' சத்தம் கரைக்கு வந்தது. ஒரு வத்தைக்கு மட்டும் கயிறு சிக்கி, பாய் பாதியில் நின்றுவிட்டது. கரையே கைகொட்டிச் சிரித்தது. பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் மட்டும் கிழக்கே பார்த்தார். "தம்பி, அங்க கடல் கறுக்குது பாரு. கொண்டல் வருது" என்றார். கொண்டல் என்றால் கிழக்குக் காற்று. சற்று நேரத்தில் கரைக்காற்று செத்தது. முன்னே போன பாய்களெல்லாம் துவண்டு தொங்கின. காற்று எதிரே திரும்பியதும், படகு கவிழாமல் இருக்கப் போடும் குறுக்குப் பலகையை மறுபக்கம் தள்ள முடியாமல் அவர்கள் தடுமாறினார்கள். பின்தங்கியவர்களோ கடல் கறுத்தபோதே பலகையை மாற்றி, அதன் நுனியில் இரண்டு பேரை உட்கார வைத்துவிட்டார்கள். முதலில் கரை சேர்ந்தது அந்த வத்தைதான்!

அந்தப் பெரியவரின் கண் இன்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இருக்கிறது? விசைப்படகை நான் குறை சொல்லவில்லை, அதில்தான் பல வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனால் வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் அரசு ஆவுளியா என்ற கடல்பசுவுக்காகப் பாதுகாப்பகம் ஆக்கியது. அந்த ஆவுளியா மேயும் கடல்புல்லை விசைப்படகின் அடியில் சுழலும் விசிறி அறுக்கும், பாய் அறுக்காது.

அதனால் கேட்கிறேன். நமக்கு ஒரு பாய்மரப் பயிற்சிக் கூடம் வேண்டும். ஓர் ஓலைக் கொட்டகை, இரண்டு பழைய வத்தை, ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். சொல்லித்தர ஆள் தேட வேண்டாம், இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள். அரசாணை வரட்டும், நிதி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது? தலைவர் ஐயா இன்றைக்கே இடத்தைக் காட்ட வேண்டும். பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

பாயைப் பற்றி அப்புறம் பேசலாம். நடுவர் கொடியைக் கையில் எடுத்துவிட்டார். எல்லோரும் கிழக்கே திரும்புங்கள்.